மரையின் கணக்கு

"அவனுக்கு மரை கழண்டு போச்சு" என்று கேலி செய்கிறோமே, அந்த மரை எப்படி வெட்டப்படுகிறது தெரியுமா?

இலத்தூர் வயக்காட்டு மோட்டாரில் போல்ட்டு தேய்ஞ்சா தென்காசி லேத் பட்டறைக்குத்தான் ஓடுவோம். லேத்தில் இரும்புக் கம்பி ஒரு சுற்று சுற்றும்போது, வெட்டும் டூல் சரியான தூரம் நகரணும். 10 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமாக 1.5 மி.மீ. டூலை நகர்த்துவது 'லீடு ஸ்குரூ' என்ற நீளமான திருகுத் தண்டு. அது ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. நகர்த்தும் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 4 சுற்று சுற்றினால் தண்டு 1 சுற்றுதான் சுற்ற வேண்டும். அதற்கு 20 பல், 80 பல் கியர்களை மாட்டுவார்கள். வேறு மரை என்றால் வேறு கியர்! கழற்றி மாட்டுவதற்குள் கை முழுக்க கிரீஸ்.

வீட்டில் சின்ன லேத் வைத்திருக்கும் சிலர் இந்தக் கியர்களுக்குப் பதில் எலக்ட்ரானிக்ஸை வைக்கிறார்கள். கம்பியின் சுற்றை 'என்கோடர்' எண்ணும். தண்டை ஸ்டெப்பர் மோட்டார் திருப்பும். இந்த மோட்டாருக்கு ஒரு சுற்று என்பது 200 அடி. கால் சுற்றுக்கு? 50 அடி! நடுவில் உள்ள சின்ன சர்க்யூட் போர்டு இந்தக் கணக்கைப் போட்டுவிடும். பட்டனை அழுத்தினால் மரை அளவு மாறும்.

ஆனால் ஒன்று. மரையை ஒரே தடவையில் வெட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அதே தடத்தில் பலமுறை ஓட்டணும். பாரம் தாங்காமல் மோட்டார் சில அடி தவறினால், சாதாரண போர்டுக்கு அது தெரியாது. டூல் தடம் மாறும், போல்ட்டு வீண்!

கியர் மாற்றும் வேலை போச்சு. ஆனால் கண் பார்க்கிற வேலை போகலை நண்பர்களே!