புதுச்சேரிப் பெண் பாய் விரித்துப் போன தீவு

கடல் வாடையே அடிக்காத ஊர் நம் மகாராஜபுரம். கண்ணை உயர்த்தினால் சதுரகிரி மலை. ஆனாலும் இந்த ரெண்டு பேர் சங்கதியைக் கேட்டால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலை கிறுகிறுக்கும்!

ரூபா அழகிரிசாமி, புதுச்சேரி. தில்னா, கோழிக்கோடு. கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். ரெண்டு பேரையும் ஒட்டி ‘தில்ரூ’ என்றே கூப்பிடுகிறார்கள்.

2024 பிப்ரவரி கடைசியில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ பாய்மரப் படகில் கிளம்பினார்கள். நீளம் சுமார் 17 மீட்டர். உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்றாவது ஆளே கிடையாது! சமையல், சுக்கான், கிழிந்த பாய்க்குத் தையல், மக்கர் பண்ணும் மோட்டாருக்கு வைத்தியம், எல்லாம் இவர்களே. ஒருவர் கண்ணசந்தால் மற்றவர் காவல். பூமத்திய ரேகைப் பக்கம் காற்றே செத்துப்போகும், பாய் துவண்டு தொங்கும். மாலுமியின் பொறுமையைப் புயலைவிட அதிகம் சோதிப்பது அதுதான். மூன்று வாரம் தாண்டி, மொரீஷியஸின் போர்ட் லூயி!

எனக்குக் குஷி பிறப்பது இங்கேதான். 1730களில் பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே அந்தத் துறைமுக நகரைக் கட்ட ஆள் தேடினாரே, கொத்தனாரும் தச்சரும் எங்கிருந்து போனார்கள்? புதுச்சேரியிலிருந்து! அதே ஊர்ப் பெண் இப்போது காற்றைப் பிடித்துக்கொண்டே போய் அங்கே இறங்குகிறார்.

தீவையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. காவடி இறக்கியதும் வாழையிலையில் ஏழு கறி, அத்தனையும் சைவம். ரூபாய் நோட்டிலும் தமிழ் உண்டு. 1998-ல் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சடித்துவிட்டார்கள். தீவுத் தமிழர் கிளப்பிய எதிர்ப்பில் அரசு நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். அடேயப்பா!

ஆனால் மொரீஷியஸ் வெறும் ஒத்திகை. 2024 அக்டோபர் 2-ல் அதே ஜோடி, அதே தாரிணி, உலகத்தையே சுற்றக் கிளம்பியது. ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன், நாலே நிறுத்தம். நடுவில் பாயிண்ட் நீமோ. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கரை 2,688 கிலோமீட்டருக்கு அப்பால்தான். தலைக்கு மேலே 400 கிலோமீட்டரில் விண்வெளி நிலையம் கடக்கும்போது, அதிலிருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்! அங்கேயும் இவர்கள் சும்மா இருக்கவில்லை, ஆய்வுக்கென்று கடல்நீரை மொண்டுகொண்டார்கள். 2025 மே 29-ல் கோவா திரும்பியாயிற்று.

வத்திராயிருப்பிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ படிக்கும் உங்கள் வீட்டுப் பெண் என்.சி.சி.யில் சேர ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். தில்னா அங்கே துப்பாக்கி சுடப் பழகியவர்தான்.