மரத்துக்கு மூன்றாவது அறிவு உண்டா?

தரம் பத்து மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையில் இப்படியொரு வாக்கியம் இருந்தது: ‘ஒரு மரத்தைப் புழு தின்றால் அது பக்கத்து மரத்துக்குச் சொல்லிவிடுகிறது.’ சிவப்புப் பேனையால் அதை வெட்டி, ஓரத்தில் ‘தற்குறிப்பேற்றம், கட்டுரைக்கு ஆகாது’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரந்தான் அணியிலக்கணம் படிப்பித்திருந்தேன். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது அந்த அணி. காற்றுக்கு ஆடிய மதுரைக் கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டியதாக இளங்கோ சொல்வாரே, அது. அந்த மிதப்பில் இருந்தேன் போலும்.

“சேர், அது அணி இல்ல. சயன்ஸ் டீச்சர் சொல்லித் தந்தது” என்றாள் பிள்ளை.

இடைவேளையில் டீச்சரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “பிள்ள எழுதினதுல முக்கால்வாசி சரி சேர். ‘சொல்லுது’ங்கிற சொல்லுலதான் சண்டையே” என்றார்.

சொல்லால் வந்த சண்டை என்றால் தமிழ் வாத்தியார் சும்மா இருப்பானா? அந்தத் தவணை விடுமுறையை இதிலேயே கழித்தேன்.

பாடசாலை மைதானத்தில் மெஷினால் புல்லு வெட்டும்போது ஒரு பச்சை வாசம் எழும்புமே, அங்கிருந்து தொடங்கலாம். நமக்கு அது சுகமான மணம். உண்மையில் அது காயத்தின் மணம். இலை கிழிபட்டதும் அதன் கலமென்சவ்வுகளிலுள்ள கொழுப்பமிலங்கள் உடைந்து, ஆறு காபன் அணுக்களைக் கொண்ட சிறு மூலக்கூறுகளாகின்றன. சில விநாடிகளிலேயே இது நடந்து, அவை ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். புழு விடாமல் தின்றால், சில மணித்தியாலங்களில் இலை புதிதாக வேறு பொருட்களையும் ஆக்கி வெளிவிடத் தொடங்கும். தேசிக்காய்த் தோலுக்கு மணம் தருகிற டேர்பீன் இனத்துப் பொருட்கள் அவற்றில் முக்கியமானவை.

இந்த ஆவியைப் பக்கத்து மரம் உணர்கிறதா என்பதுதான் கேள்வி. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த இயன் போல்ட்வின், ஜாக் ஷுல்ட்ஸ் என்ற இருவர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சாடிகளில் வளர்ந்த பொப்லர் கன்றுகளின் இலைப் பரப்பில் 7 சதவீதத்தைக் கையால் கிழித்தார்கள். 52 மணித்தியாலங்களுக்குள் அவற்றின் இலைகளில் பீனோல் வகைப் பொருட்கள் கூடின. இவ்வகையில் பல, சாயம் கூடிய தேத்தண்ணியைப்போல் துவர்ப்பவை. புழுவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவை. ஆச்சரியம் அதுவல்ல. அதே அடைப்புக்குள் இருந்த, யாரும் தொடாத கன்றுகளிலும் அவை கூடின. சீனி மேப்பிள் கன்றுகளில் 36 மணித்தியாலங்களிலேயே இது நடந்தது. சாடிகள் தனித்தனி, வேர்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அவற்றுக்கிடையே இருந்தது காற்று ஒன்றுதான்.

அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டேவிட் ரோட்ஸும் தன் ஆய்வை வெளியிட்டார். அவர் பார்த்தவை வெளியில் நிற்கும் வில்லோ மரங்கள். சில மரங்களில் மசுக்குட்டிகளை விட்டுத் தின்ன வைத்தார். பிறகு, சற்றுத் தள்ளி நின்ற, புழுப்படாத மரங்களின் இலைகளைப் பறித்து வேறு மசுக்குட்டிகளுக்குக் கொடுத்தார். அவையும் சரியாக வளரவில்லை.

பத்திரிகைகள் இதைப் ‘பேசும் மரங்கள்’ ஆக்கின. வினை அங்கே தொடங்கியது. 1985இல் ஃபௌலர், லோட்டன் என்ற இரண்டு சூழலியலாளர்கள் கடுமையான மறுப்பொன்றை எழுதினார்கள். ரோட்ஸின் மசுக்குட்டிகளுக்குள் ஏதாவது நோய் பரவியிருக்கலாமே, அதனால் வளராமல் போயிருக்கலாமே என்றார்கள். டார்ட்மவுத் சோதனையின் கணக்கிலும் ஓட்டை இருந்தது. ஒரே அடைப்புக்குள் நின்ற கன்றுகளைத் தனித்தனிச் சோதனைகளாக எண்ண முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கூடிய புள்ளி எடுத்தால் அது புத்தகத்தாலா, வாத்தியாராலா, ஜன்னல் காற்றாலா என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவை கேள்விகளாக நிற்கவில்லை, துறையையே கேலிக்குரியதாக்கின. ரோட்ஸுக்கு ஆய்வுப் பணம் கிடைக்காமல் போய், கடைசியில் அவர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். அவர் கண்டதற்கு எதிராக இருந்த சான்றை விட, அதற்கு ஒட்டிய பெயர்தான் அவரைக் கூடுதலாக அடித்தது என்று நான் நினைக்கிறேன்.

விஷயம் செத்துப்போகவில்லை. 1990இல் ஃபார்மர், ரையன் இருவரும் தக்காளிச் செடிகளை, மணமுள்ள சேஜ்பிரஷ் புதரின் கிளைகளோடு ஒரே மூடிய பாத்திரத்தில் வைத்தார்கள். புழுவின் சமிபாட்டைக் குழப்பும் புரதங்கள் தக்காளி இலையில் உருவாயின. அதைத் தூண்டியது மெதைல் ஜாஸ்மொனேட் என்ற ஆவி. பெயரைப் பாருங்கள்: மல்லிகை இனப் பூக்களின் எண்ணெயில் உள்ள மணப்பொருட்களில் இதுவும் ஒன்று.

ஆனால் மூடிய பாத்திரம் வேறு, காற்றடிக்கும் வெளி வேறு. 2000ஆம் ஆண்டு டோல்ச், ட்ஷார்ன்ட்கெ என்போர் வட ஜேர்மனியில் பத்து இடங்களில் வெளியிலேயே பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆல்டர் மரத்தின் இலைகளில் ஐந்தில் ஒரு பங்கைக் கையால் பறித்துவிட்டு, அடுத்தடுத்த மரங்களை இலைவண்டு எவ்வளவு தின்கிறது என்று கணக்கெடுத்தார்கள். பறித்த மரத்துக்குக் கிட்ட நின்றவற்றில் சேதம் குறைவு. தள்ளிப் போகப் போகச் சேதம் கூடியது.

என்னை உட்கார வைத்த செய்தி அடுத்ததுதான். 2007இல் பொப்லரில் செய்த ஆய்வொன்று, ஓர் இலையின் ஆவி அதே மரத்தின் வேறோர் இலையைத் தயார்ப்படுத்துவதைக் காட்டியது. ஒரே கிளையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இலைகளுக்கிடையில் நேரடிக் குழாய்த் தொடர்பு இல்லாமல் இருக்கலாம். உள்வழி இல்லாதபோது வெளிக் காற்றே வழியாகிறது. தயார்ப்படுத்துவது என்றால் உடனே நஞ்சை நிரப்புவதல்ல. அதற்குச் செலவு அதிகம். வந்தால் விரைவாக எழும்பக்கூடிய நிலையில் இருப்பது. ஆகவே கடிபட்ட மரம் அயலானுக்குச் செய்தி அனுப்புகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. தன் கிளைகளுக்குள் அது நடத்தும் காரியத்தை அயல்மரம் ஒட்டுக்கேட்கிறது என்பதே பொருத்தம்.

ஒட்டுக்கேட்பது மரம் மட்டுமல்ல. எல்ம் மரத்து இலையில் ஒரு வண்டு முட்டையிடும். அம்முட்டையை ஒட்டவைக்கும் சுரப்பு இலையில் பட்டதும் மரம் விடும் மணமே மாறிவிடுகிறது. பேர்லினில் மைனர்ஸ், ஹில்கர் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு மிகச் சிறிய குளவியொன்று வரும். வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். வண்டின் புழு பொரித்து இலையைத் தொடுவதற்கு முன்னமே கதை முடிந்துவிடும்.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அதாவது தொடுகை. மூக்கால் அறிவது மூன்றாவது அறிவு. அதைச் சிதலுக்கும் எறும்புக்குமே கொடுக்கிறார். இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். இப்போது மரத்தை எங்கே வைப்பது? மணத்தைப் பிரித்தறிந்து அதற்கேற்ப நடப்பது மூன்றாவது அறிவென்றால் மரத்துக்கும் அது உண்டு. ஆனால் மரத்துக்கு மூக்கில்லை. ஆவி இலைவாய்களால் நுழைந்து உள்ளிருக்கும் கலங்களில் படுகிறது. அப்படிப் பார்த்தால் அதுவும் ஒரு தொடுகைதானே என்று தொல்காப்பியர் பக்கம் நின்றும் வாதாடலாம். எந்தப் பக்கம் நின்றாலும் ‘பேசுகிறது’ வராது. ‘மோந்து கொள்கிறது’ வரும்.

தவணை தொடங்கியதும் பிள்ளையைக் கூப்பிட்டு, வெட்டிய புள்ளிகளைத் திருப்பிப் போட்டேன். ‘சொல்லிவிடுகிறது’ என்பதன்மேல் மட்டும் ‘பக்கத்து மரம் மோந்துவிடுகிறது’ என்று எழுதினேன். அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப, தின்ற மரம் சொந்தக்கார மரமா இருந்தா கூட விளங்குமா சேர்?”

அதையும் சோதித்திருக்கிறார்கள் என்றேன். கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பன் என்பவர் அந்தச் சேஜ்பிரஷ் புதர்களிலேயே பார்த்தார். நெருங்கிய உறவுடைய செடியின் காயமணத்தைப் பெற்றவை, தூரத்து உறவின் மணத்தைப் பெற்றவற்றை விடக் குறைவாகவே பூச்சிக்கு இரையாகின. 2013இல் அது வெளிவந்தது.

“நம்மட ஊரப் போல” என்றாள். அது தற்குறிப்பேற்றந்தான். ஆனால் சிவப்புப் பேனையைத் திறக்கவில்லை.