நான்கு மன்னர்கள் கூடிய ஊர்

பேராக் ஆற்றுடன் கங்சார் ஆறு வந்து சேரும் இடத்தில் அமைந்த ஊர் கோலகங்சார். இவ்வாறு ஓர் ஆறு மற்றோர் ஆற்றுடனோ கடலுடனோ கலக்கும் இடத்தை மலாய்மொழியில் ‘குவாலா’ என்பர். ஆறுகள் கூடும் இடத்தைத் தமிழில் கூடுதுறை என்கிறோம். 1897ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இக்கூடுதுறையில் வேறொரு கூடலும் நிகழ்ந்தது. பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய நான்கு மாநிலங்களின் மன்னர்கள் அங்கே ஒரே அவையில் அமர்ந்தனர். அவர்கள் அவ்வாறு ஒன்றாகக் கூடியது அதுவே முதன்முறை. அக்கூட்டத்தை ஆங்கிலேயர்கள் ‘தர்பார்’ என அழைத்தனர். பாரசீக மொழியில் பிறந்து இந்தியாவில் வழங்கிவந்த அச்சொல்லை அவர்கள் மலாயாவுக்கும் கொண்டு வந்தனர்.

அன்று பேராக் மாநிலத்தின் நிர்வாகத் தலைநகராக இருந்தது தைப்பிங். கோலகங்சார் சுல்தான் வாழும் அரச நகரம். ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி ரெசிடென்டாக இருந்த காலத்தில், 1877இல், அங்கே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. தர்பார் நடந்தபோது அவை இருபது வயது மரங்களாக நின்றன. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்களை இந்நாட்டுக்கு வரவழைத்த பயிர் அது. ஆயினும் அன்று அதன் மதிப்பை உணர்ந்தவர் மிகச் சிலரே. ஈயமே அக்காலத்தின் பெருஞ்செல்வம்.

மன்னர்கள் கூடியதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். நான்கு மாநிலங்களிலும் அதற்கு முன்பே ஆங்கிலேய ரெசிடென்டுகள் இருந்தனர். சமயமும் மலாய் வழக்காறும் தவிர மற்ற எல்லாவற்றிலும் மன்னர்கள் அவர்களின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டியிருந்தது. ஈயத்தால் பேராக்கும் சிலாங்கூரும் செழித்தன. பகாங்கோ கடனில் தவித்தது. நான்கையும் இணைத்தால் வளமுள்ள மாநிலம் வளமற்றதற்கு உதவலாம். நிர்வாகமும் ஒரே முறையில் நடக்கும் என ஆங்கிலேயர்கள் எண்ணினர். பிராங்க் சுவெட்டன்ஹாம் மன்னர்களைத் தனித்தனியே அணுகி 1895இல் அவர்களின் ஒப்புதலைப் பெற்றார். 1896ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மலாய்க் கூட்டு மாநிலங்கள் உருவாயின. கோலாலம்பூர் அதன் தலைநகரானது. சுவெட்டன்ஹாமே முதல் தலைமை ரெசிடென்டாகப் பொறுப்பேற்றார். இவ்வாறு, நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கு முன்பே அவர்களின் மாநிலங்கள் இணைந்துவிட்டன. கூட்டம் பிறகுதான் வந்தது.

கோலகங்சாருக்கு வருவது அன்று எளிதன்று. கோலாலம்பூரிலிருந்து பேராக் வரையிலான இரயில் பாதை இன்னும் முழுமை பெறவில்லை. ஊருக்கு அருகே பேராக் ஆற்றைக் கடக்கும் விக்டோரியா இரயில் பாலமே 1900இல்தான் திறக்கப்பட்டது. பகாங் சுல்தான் அகமதின் அரச நகரமான பெக்கான் கிழக்குக் கரையில் இருந்தது. அதற்கும் கோலகங்சாருக்கும் இடையே தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நின்றது.

வந்தவர்களுள் மிக முதியவர் சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட். அவர் அரியணை ஏறி 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 90ஐத் தாண்டியிருந்தது. தம் மாநிலத்தில் 1867 முதல் 1873 வரை நடந்த உள்நாட்டுப் போரைக் கண்டவர் அவர். ஈயச் சுரங்கங்களுக்காக அரச குடும்பத்தினரே ஒருவரோடொருவர் மோதிய காலம் அது. அத்தகைய ஒருவர், தள்ளாத வயதில், அண்டை மாநில மன்னரின் விருந்தினராக வந்து அமர்ந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் காலமானார். கோலாலம்பூரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டடம் இந்தத் தர்பார் நடந்த அதே 1897இல் கட்டி முடிக்கப்பட்டது.

நெகிரி செம்பிலானிலிருந்து செரி மெனாந்தியின் மன்னர் துவாங்கு முகமது வந்தார். ஆங்கிலேயர்களின் சார்பில் உயர் ஆணையர் சர் சார்ல்ஸ் மிட்செலும் சுவெட்டன்ஹாமும் கலந்துகொண்டனர். விருந்தளித்தவர் பேராக் சுல்தான் இட்ரிஸ். 1887இல் அரியணை ஏறிய அவர் கல்வியிலும் நிர்வாகத்திலும் ஆர்வமுடையவர்.

மலாய் மன்னர் ஒருவர் இன்னொரு மன்னரை முறைப்படி சென்று கண்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை என்ற பொருளில் சுவெட்டன்ஹாம் பின்னர் எழுதினார். கூட்டத்தை ஏற்பாடு செய்தவரே அதைப் புகழ்ந்து எழுதும்போது சற்று மிகைப்படுத்துவது இயல்பே. உண்மையில் இவ்வரச குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் சிலாங்கூரின் முதல் சுல்தானுக்கு ஏற்பு வழங்கியவர் பேராக் சுல்தான்தான். ஆனால், நால்வர் ஒரே அவையில் அமர்ந்தது புதுமை என்பதில் ஐயமில்லை.

தர்பாரில் சமயம், வழக்காறு போன்ற பொது விவகாரங்கள் பேசப்பட்டன. எனினும், அந்த அவை ஆலோசனை கூறலாமே தவிர, சட்டம் இயற்ற இயலாது. மரியாதைகளுக்குக் குறைவில்லை, அதிகாரமோ கோலாலம்பூரில் தலைமை ரெசிடென்டின் அலுவலகத்தில் இருந்தது.

இதை நன்கு உணர்ந்தவர் விருந்தளித்த சுல்தான் இட்ரிஸ்தான். இரண்டாம் தர்பார் 1903இல் கோலாலம்பூரில் நடந்தபோது, அவர் அதை வெளிப்படையாகவே பேசினார். ஒரு கப்பலுக்கு இரு தலைவர்கள் இருக்க முடியாது என்ற மலாய்ப் பழமொழியை அவர் நினைவூட்டினார். ஒவ்வொரு மாநிலத்தின் அலுவல்களையும் அந்தந்த மாநில அதிகாரிகளே கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆங்கிலேயர்கள் உடனே தங்கள் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1909இல் கூட்டரசு மன்றம் அமைந்தபோது மைய அரசின் பிடி மேலும் இறுகியது. ஆயினும், காட்சிக்காக அமைக்கப்பட்ட அவையிலேயே ஒரு மன்னர் தம் மனக்குறையைச் சொல்ல வழி கண்டார்.

ஆங்கிலேயர்களின் ஆட்சி மறைந்த பிறகும் மன்னர்கள் கூடும் வழக்கம் மறையவில்லை. 1948இல் அது ஒன்பது மன்னர்களும் இடம்பெறும் ஆட்சியாளர்கள் மன்றமாக உருப்பெற்றது. மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இன்று அம்மன்றத்திடமே உள்ளது.

1897இல் துவாங்கு முகமது கோலகங்சாருக்குப் புறப்பட்டபோது, செரி மெனாந்தியில் பிறந்த அவர் மகனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அக்குழந்தை வளர்ந்து, தந்தை விருந்தினராகச் சென்ற அதே ஊருக்கு மாணவனாக வந்தது. 1905இல் தொடங்கப்பட்ட கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் பயின்ற அம்மாணவர்தான் துவாங்கு அப்துல் ரஹ்மான். 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 3ஆம் நாள், விடுதலைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பு, மன்னர்கள் கூடி அவரை மலாயாவின் முதல் மாமன்னராகத் தேர்ந்தெடுத்தனர்.