ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப்

ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப் (1906–1992) பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கம்பளி நூற்பாலைகளை நடத்திய சுவிட்சர்லாந்துத் தொழிலதிபர். பழங்காலக் கார்களின் சேகரிப்பாளர். அண்ணன் ஹான்ஸ் ஷ்லும்ஃபுடன் (1904–1989) இணைந்து தொழில் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட புகாட்டி கார்கள் அடங்கிய இவரது சேகரிப்பு, 1977-ல் ஆலைத் தொழிலாளர்களால் கைப்பற்றப்பட்டது. இன்று அது முலூஸ் நகரில் பிரான்சின் தேசிய கார் அருங்காட்சியகமாக உள்ளது.

பிறப்பு, இளமை

ஃபிரிட்ஸ் வட இத்தாலியில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர். தாய் ழான் அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரத்தவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே குடும்பம் முலூஸுக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அல்சாஸ் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் மீண்டும் பிரான்சுடன் இணைந்தது. முலூஸ், நூற்பாலைகளாலும் துணி அச்சுத் தொழிலாலும் வளர்ந்த நகரம்.

சகோதரர்கள் இருவரும் சுவிட்சர்லாந்துக் குடியுரிமையைக் கடைசிவரை வைத்திருந்தனர். தாய் மீது இருவருக்கும் ஆழ்ந்த பற்று இருந்தது. பின்னாளில் கார் அருங்காட்சியகத்தை அவர் நினைவுக்கே அர்ப்பணித்தனர்.

தொழில் வாழ்க்கை

ஃபிரிட்ஸ் கம்பளித் தரகராகத் தொழிலைத் தொடங்கினார். 1935-ல் சகோதரர்கள் கம்பளித் தொழிலுக்கென ஒரு நிறுவனத்தை உருவாக்கினர். ஃபிரிட்ஸ் முன்னின்று முடிவெடுப்பவராகவும் ஹான்ஸ் கணக்கு வழக்குகளைக் கவனிப்பவராகவும் அறியப்பட்டனர். மால்மெர்ஷ்பாக் என்னும் சிற்றூரின் நூற்பாலை அவர்கள் கைக்கு வந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எர்ஸ்டைன், முலூஸ் ஆகிய ஊர்களின் ஆலைகளையும் வாங்கி, அல்சாஸின் கம்பளித் தொழிலில் பெரும் முதலாளிகளாயினர்.

ஆலையே ஊரின் வாழ்வாதாரமாக இருந்த இடங்களில் முதலாளியே வேலை, வீடு, விழா ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பவராக இருந்தார். ஷ்லும்ஃப் சகோதரர்களும் அந்தப் பழைய முறையிலேயே ஆலைகளை நடத்தினர். தொழிற்சங்கங்களுடன் அவர்களுக்கு இணக்கமான உறவு இருக்கவில்லை.

கார் சேகரிப்பு

புகாட்டி மீதான ஈடுபாடு

எத்தோரே புகாட்டி 1909-ல் தன் தொழிற்சாலையைத் தொடங்கிய மோல்சைம் அல்சாஸில்தான் உள்ளது. அங்கு உருவான பந்தயக் கார்கள் 1920-களில் ஐரோப்பா முழுதும் வெற்றிபெற்றன. ஃபிரிட்ஸ் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே ஒரு புகாட்டி பந்தயக் காரை வாங்கினார். போருக்குப் பின் மலைப்பாதைப் பந்தயங்களில் தானே ஓட்டினார்.

1939-ல் புகாட்டியின் மகன் ழான் சோதனை ஓட்டத்தில் இறந்தார். 1947-ல் எத்தோரே புகாட்டியும் மறைந்தார். நிறுவனம் நலிந்தது. 1950-களில் பழைய புகாட்டி என்பது பலருக்கு உதிரிபாகம் கிடைக்காத, ஓட்டுவதற்குச் செலவுபிடிக்கும் வண்டி மட்டுமே. விலை குறைவாக இருந்த அந்தக் காலத்தில் ஃபிரிட்ஸ் பெருமளவில் வாங்கத் தொடங்கினார்.

வாங்கிய முறை

ஃபிரிட்ஸ் கார்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கும் சேகரிப்பாளர் அல்ல. பல நாடுகளின் புகாட்டி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதி விலை கேட்டார். முழுச் சேகரிப்புகளையே மொத்தமாக வாங்கினார். கம்பளிச் சந்தையில் கற்ற பேரம் இங்கும் உதவியது.

1963-ல் புகாட்டி தொழிற்சாலை கைமாறிய காலத்தில், அங்கு எஞ்சியிருந்த 18 கார்களை வாங்கினார். எத்தோரே புகாட்டியே பயன்படுத்திய ‘கூப்பே நெப்போலியன்’ என்னும் ரோயால் வகைக் காரும் அவற்றில் ஒன்று. 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரிடமிருந்து 30 புகாட்டிகளை 85,000 டாலருக்கு வாங்கினார். அதில் இன்னொரு ரோயால் இருந்தது. அவை கப்பலில் பிரான்சு வந்தன.

ரோயால் வகை, மன்னர்களுக்கென்று புகாட்டி திட்டமிட்ட கார். எட்டு சிலிண்டர்கள் கொண்ட அதன் இயந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 லிட்டர். உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது சந்தைக்கு வந்ததால் ஆறு கார்களே உருவாயின. அவற்றில் மூன்றே விற்பனையாயின. எஞ்சிய இயந்திரங்கள் பிரெஞ்சு ரயில் பெட்டிகளில் பொருத்தப்பட்டன. அந்த ஆறில் இரண்டு ஃபிரிட்ஸிடம் சேர்ந்தன.

ரகசியப் பணிமனை

1960-களின் நடுவில் முலூஸில் தமக்குச் சொந்தமான பழைய நூற்பாலைக் கட்டடத்தைச் சகோதரர்கள் அருங்காட்சியகமாக மாற்றத் தொடங்கினர். அதன் பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர மீட்டர். பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் உள்ள விளக்குக் கம்பங்களைப் போன்ற நூற்றுக்கணக்கான விளக்குகள் உள்ளே நிறுவப்பட்டன. உணவகங்களும் அமைக்கப்பட்டன. மெக்கானிக்குகள், தச்சர்கள், தோல் இருக்கை தைப்பவர்கள் எனப் பலர் அங்கே கார்களைப் புதுப்பித்தனர். அங்கு நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது நிபந்தனை.

ஆண்டுகள் கடந்தும் அருங்காட்சியகம் திறக்கப்படவில்லை. நெருங்கிய சில விருந்தினர்களைத் தவிர எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை.

தொழிலாளர் போராட்டம்

1970-களில் ஐரோப்பிய நெசவுத் தொழில் சரிந்தது. செயற்கை இழைகளும் மலிவான இறக்குமதியும் கம்பளி நூலின் சந்தையைக் குறைத்தன. 1973-ன் எண்ணெய் நெருக்கடி நிலைமையை மோசமாக்கியது. 1976-ல் ஷ்லும்ஃப் ஆலைகளில் ஆட்குறைப்பு தொடங்கியது. மால்மெர்ஷ்பாக்கில் தொழிலாளர்கள் முதலாளிகளின் வீட்டை முற்றுகையிட்டனர். காவல்துறை தலையிட்டது. சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குச் சென்றனர். பிரான்சில் வாழ அவர்கள் திரும்பவில்லை.

1977 மார்ச் 7 அன்று சிஎஃப்டிடி தொழிற்சங்கத்தினர் முலூஸ் கட்டடத்துக்குள் நுழைந்தனர். ஆலைக்குப் பணமில்லை என்று கேட்டுப் பழகியவர்கள், விளக்குகளின் கீழ் வரிசையாக நின்ற நூற்றுக்கணக்கான கார்களைக் கண்டனர். புதுப்பிக்கப்படாத ஒரு சிறிய ஆஸ்டின் கார் எரிக்கப்பட்டது. ஆனால் சேகரிப்பை அழிப்பதில்லை என்று தொழிலாளர்கள் முடிவுசெய்தனர். இழந்த ஊதியத்துக்கும் வேலைக்கும் அதுவே தங்களுக்கு இருக்கும் ஒரே பிணை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கட்டடத்துக்கு ‘தொழிலாளர் ஆலை’ என்று பெயரிட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். இரண்டாண்டுகள் தாங்களே காவல் காத்தனர், பார்வையாளர்களுக்கு விளக்கம் அளித்தனர். லட்சக்கணக்கானோர் வந்து பார்த்தனர். அருங்காட்சியகம் முதன்முதலில் பொதுமக்களுக்குத் திறந்தது இவ்வாறுதான்.

தேசிய அருங்காட்சியகம்

சேகரிப்பை ஏலத்தில் விற்றுக் கடன்களை அடைப்பதா, ஒன்றாகப் பாதுகாப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1978-ல் பிரெஞ்சு அரசு சேகரிப்பை வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்தியது. அதனால் கார்களைப் பிரித்து வெளிநாட்டுக்கு விற்கும் வழி அடைபட்டது. 1979-ல் தொழிலாளர்களின் முற்றுகை முடிவுக்கு வந்தது. 1981-ல் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் பங்கேற்ற சங்கம் ஒன்று 44 மில்லியன் பிராங்குக்குக் கட்டடத்தையும் கார்களையும் வாங்கியது. 1982-ல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இந்த விலை மிகக் குறைவு என்று ஷ்லும்ஃப் குடும்பம் நீண்டகாலம் வழக்காடியது. அருங்காட்சியகத்தின் பெயரில் ஷ்லும்ஃப் என்னும் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது நீதிமன்றத்தில் பின்னர் ஏற்கப்பட்டது. மால்மெர்ஷ்பாக்கில் இருந்த, புதுப்பிக்கப்படாத கார்களின் தொகுதி குடும்பத்துக்குத் திரும்பியது.

மறைவு

ஹான்ஸ் 1989-லும் ஃபிரிட்ஸ் 1992-லும் மறைந்தனர்.

மதிப்பீடு

ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃபின் இடம் இன்றும் விவாதத்துக்குரியது. ஆலைகளை நவீனப்படுத்தியிருக்க வேண்டிய பணம் கார்களுக்குச் சென்றது என்பது தொழிலாளர் தரப்பின் குற்றச்சாட்டு. நிறுவனத்தின் பணத்தைத் தன் ஆசைக்குச் செலவிட்டார் என்று அவர் மீது வழக்கும் தொடரப்பட்டது. அல்சாஸின் மற்ற பல ஆலைகளும் அதே காலத்தில் மூடப்பட்டதால், கார்கள் இல்லாவிட்டாலும் வீழ்ச்சி தவிர்க்க முடியாதது என்று அவரது ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர்.

மோல்சைமின் கார்கள் பழைய இரும்புக்குப் போகக்கூடிய காலத்தில் அவற்றின் மதிப்பை அறிந்து திரட்டியவர் ஃபிரிட்ஸ். அவை சிதறாமல் ஒரே இடத்தில் நிலைத்ததற்கு, கோபத்திலும் அவற்றை உடைக்காமல் காத்த நூற்பாலைத் தொழிலாளர்களும் காரணம். முலூஸ் அருங்காட்சியகம் இவ்விரு தரப்பினருக்கும் கடன்பட்டது.