துறைமுகக் கணக்கரும் கணக்கிடும் பொறியும்

திருகோணமலையில் மாலைப் பொழுதைக் கழிக்க இடந்தேடி அலைய வேண்டியதில்லை. டச்சுக் குடாவின் மணலிலே சென்று அமர்ந்தாற் போதும். ஒருபால் பிரெடெரிக் கோட்டையும் கோணேசர் குடிகொண்ட மலையும். எதிரே கரைகாணாக் கடல். சில கிழமைகளுக்கு முன் நாம் அவ்வாறு அமர்ந்திருந்தபோது, உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் மாணவன் ஒருவன் வந்து அருகில் உட்கார்ந்தான். தகப்பனார் கடற்றொழில் செய்பவர். பையனோ கணக்கிற் கெட்டிக்காரன். நெடுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "சேர், கணிதப் பிரிவை விட்டுவிடலாமென்று யோசிக்கிறேன்" என்றான்.

"ஏன் தம்பி?" என்றோம்.

தன் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினான். "இரவிரவாக மண்டையை உடைத்துச் செய்கிற கணக்கை இது ஒரு நொடியிலே செய்து தருகிறது. பிறகு நான் எதற்கு?"

நாம் உடனே மறுமொழி சொல்லவில்லை. சொல்லத் தெரியவுமில்லை என்பதே உண்மை. செயற்கை நுண்ணறிவு எனப்படும் இப்பொறிகளைப் பற்றி வகுப்பிலே பல தடவை பேசியிருக்கிறோம். ஆயினும், தன் எதிர்காலத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கும் ஒரு பிள்ளைக்குப் பொதுப்படையான பேச்சு உதவாது. பிள்ளைகளின் பெற்றோரும் இதே கேள்வியை வேறு விதமாக நம்மிடம் கேட்டு வருகின்றனர். ஆகவே, அன்று அவனுக்குக் கூறியவற்றையும் கூறாமல் விட்டவற்றையும் இங்கே எழுதத் துணிந்தோம்.

துறைமுகப் பட்டினத்துப் பையனுக்குத் துறைமுகக் கதையே பொருத்தமென்று சென்னையிலிருந்து தொடங்கினோம். 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் தேதி, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுதுவினைஞர் வேலைக்கமர்ந்தார். அவரே சீனிவாச இராமாநுஜன். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனஞ் செல்லாமையாற் கல்லூரிப் பரீட்சைகளிலே தவறியவர். கப்பற் கணக்கு முடிந்த வேளைகளில் தம் சொந்தக் கணக்கைச் செய்வார். காகிதம் வாங்க வசதியின்றி, சரக்குப் பொதிகளைச் சுற்றி வரும் தாளைத் தேடியெடுத்து எழுதினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு அவர் அனுப்பிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அதிலே தேற்றங்கள் வரிசை வரிசையாக இருந்தன; நிறுவல்கள் இல்லை. விடை இருக்கிறது, வழி இல்லை! நம் மாணவர் எவரேனும் அப்படி எழுதித் தந்தால் நாம் புள்ளி கொடுக்கமாட்டோம்.

ஹார்டி என்ன செய்தார் என்பதே இங்கு முக்கியம். அவர் கடிதத்தைக் குப்பையிலும் போடவில்லை; அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. 'நிறுவல் எங்கே?' என்று கேட்டார். கேட்டதற்குக் காரணமும் இருந்தது. குறித்த எண் ஒன்றுக்கு உட்பட்ட முதன்மை எண்கள் எத்தனை என்பதை ஏறத்தாழப் பிழையின்றித் தரும் சூத்திரமொன்றைக் கண்டுவிட்டதாக இராமாநுஜன் எழுதியிருந்தார். சிறிய எண்களுக்கு அது வியக்கும்படி பொருந்திற்று. ஆயினும் அவர் எண்ணியது பிழை. ஊகத்தில் நிகரற்ற அந்த மேதைக்கும் இங்கே கால் இடறிவிட்டது.

'பல இடங்களிற் பொருந்துவது எவ்வாறு பிழையாகும்?' என்று வாசகர் வினவலாம். வீட்டிலிருந்தபடியே செய்து பார்க்கத்தக்க உதாரணம் ஒன்று உண்டு. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கத்தோடு அதே எண்ணையும், பின்னர் 41ஐயும் கூட்டுங்கள். 1ஐ எடுத்தால் 43. 2 எனின் 47. 3 எனின் 53. எல்லாம் முதன்மை எண்கள். 10, 20, 30 எதை எடுத்தாலும் முதன்மை எண்ணே வரும். 39 வரை ஒன்றும் தப்பாது. முப்பத்தொன்பது சாட்சிகள் ஒருமுகமாகச் சொன்னபின் ஐயம் எதற்கு என்று தோன்றும். நாற்பதாவது சாட்சி காலை வாரிவிடுகிறது. 40ஐ எடுத்தால் வருவது 1681. அது 41ஐ 41ஆற் பெருக்கிய தொகை. ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்துப் பேரறிஞர் 18ஆம் நூற்றாண்டிலே எடுத்துக்காட்டிய வேடிக்கை இது.

இதனினும் பெரிய வேடிக்கை உண்டு. முதன்மை எண்களின் தொகையை மதிப்பிடுவதற்கு ஒரு புகழ்பெற்ற சூத்திரம் இருக்கின்றது. பத்து இலட்சத்துக்கு உட்பட்ட முதன்மை எண்கள் 78,498. சூத்திரம் தருவதோ சுமார் 78,628. சற்றே கூடுதல். அட்டவணை போட்டுப் பார்த்தோர் எவ்வளவு தூரம் சென்றபோதிலும் சூத்திரம் கூடுதலாகவே சொல்லிற்று. எனவே எப்போதும் அப்படித்தான் என்று நம்பினர். ஹார்டியின் தோழரான லிட்டில்வுட் 1914இல் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். எங்கோ ஓரிடத்தில் அது குறைவாகச் சொல்லத் தொடங்கும், பின்பு கூடும், மீண்டும் குறையும், இவ்வாறு முடிவின்றி மாறும் என்று நிறுவிக் காட்டினார். அந்த முதலிடம் 300க்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் அண்மையில் இருக்கலாமென இன்று மதிப்பிடுகின்றனர். எண்ணிக்கொண்டே போய் அவ்விடத்தை அடைய எந்தக் கணனியாலும் இயலாது. ஒரு மனிதர் நாற்காலியில் அமர்ந்து, காகிதத்தில் எழுதிக் கண்ட உண்மை அது.

இந்த இடத்தில் பையன் தொலைபேசியைப் பைக்குள் வைத்ததை நாம் கவனித்தோம். அதனாற் பொறியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது தகாதென்று பட்டது.

ஹைபா என்பது இஸ்ரவேலில் உள்ள ஒரு துறைமுகப் பட்டினம். அங்குள்ள தெக்னியன் தொழினுட்பக் கல்விக்கழகத்து ஆய்வாளர் 2021இல் 'நேச்சர்' ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் கணனிக்கு வகுத்த முறைக்கு 'இராமாநுஜன் பொறி' என்றே பெயரிட்டனர். வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுக்க வரும் 'பை' போன்ற மாறிலிகளுக்குப் புதிய தொடர்பின்னங்களை அப்பொறி தேடித் தந்தது. சென்னைக் கணக்கரைப் போலவே அதுவும் விடையைத் தரும், காரணத்தைத் தராது. அவற்றுட் சிலவற்றைப் பின்னர் கணித அறிஞர்கள் நிறுவினர். ஹார்டியின் கேள்வி நூறாண்டு கழித்தும் அப்படியே நிற்கின்றது.

அப்படியாயின் நிறுவுவதாவது மனிதனுக்கென ஒதுக்கிய வேலையா? சில ஆண்டுகளுக்கு முன் நாமே வகுப்பில் அவ்வாறு கூறியதுண்டு. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்களுக்குப் பொறி நிறுவல் எழுதாது என்று சற்று இறுமாப்பாகவே சொன்னோம். அது தவறாயிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலையில் கூகிள் டீப்மைண்ட் நிறுவனத்தின் பொறிகள் அவ்வாண்டு வினாத்தாளில் 42க்கு 28 புள்ளி பெற்றன. அது வெள்ளிப் பதக்கத் தரம். தங்கத்துக்கு ஒரு புள்ளியே குறைவு. அவ்வருடம் வினாக்களை மனிதர் பொறிக்குரிய மொழியிற் பெயர்த்துக் கொடுத்தனர். சில விடைகளுக்குப் பல நாள்கள் பிடித்தன. 2025இலோ, சாதாரண மொழியில் வினாவை வாசித்து, மாணவர்க்குரிய நேரத்துக்குள் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதி 35 புள்ளி பெற்றது அடுத்த பொறி. அது தங்கத் தரம். ஆறாவது வினா அதற்கு எட்டவில்லை. அதே ஆண்டில் முழுப் புள்ளியும் பெற்ற பள்ளி மாணவர்கள் இருக்கவே செய்தனர். எனினும் 'இது பொறியால் ஆகாது' என்று கோடு கிழிப்போர், ஆண்டுதோறும் அக்கோட்டை அழித்துத் தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. நாம் இனிக் கோடு கிழிப்பதாயில்லை.

இப்பொறிகளுக்கும் பௌதிகவியலுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. காந்தப் பொருளில் அணுக்கள் ஒன்றையொன்று திருப்பி ஓர் ஒழுங்குக்கு வருவதைப் போல, சிறு கணுக்களின் வலையொன்று மறந்ததை நினைவுகூர முடியும் என்று ஹாப்ஃபீல்ட் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் 1982இற் காட்டினார். 2024இல் அவருக்கும் ஹின்டனுக்கும் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசு கிடைத்தது. கடன் இருபக்கமும் உண்டு. இன்று பௌதிக ஆய்வாளர்கள் இப்பொறிகளைத் தம் ஆய்வுகளில் கருவியாகக் கையாள்கின்றனர்.

ஆனால் பௌதிகத்தின் வழி விசித்திரமானது. அங்கே விடை முன்னரும் கேள்வி பின்னரும் வருவதுண்டு. 1920ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் தேதி, நோயுற்றுத் தாயகம் திரும்பியிருந்த இராமாநுஜன் ஹார்டிக்கு இறுதிக் கடிதம் எழுதினார். புதுவகைச் சார்புகள் சிலவற்றைக் கண்டதாக அதிற் கூறினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆந் தேதி, 32 வயதில், அவர் மறைந்தார். அச்சார்புகளின் உட்பொருள் 80 ஆண்டுகளுக்குமேல் விளங்காதிருந்து, 2002இல் ஸ்வெகர்ஸ் என்னும் ஒல்லாந்து இளைஞரின் ஆய்வேட்டிலே துலங்கிற்று. 2012இல் அதீஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டொன் ஸாகியர் ஆகிய மூவர், கருந்துளைகளின் எந்திரோப்பியைக் குவாண்டம் முறையில் எண்ணிக் கணிப்பதற்கு அதே வகைச் சார்புகள் வேண்டப்படுவதைக் காட்டினர். கருந்துளை என்னும் சொல்லே இராமாநுஜனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யாருக்குப் பயன்படும் என்று கேட்டிருந்தால் அவர் அக்கடிதத்தை எழுதியே இருக்கமாட்டார்.

நம் நாட்டவர் ஒருவர் செய்ததை இங்கு சொல்லவேண்டும். பாடநூல்களில் அவர் பெயரைக் காண்பது அரிதாகிவிட்டது. 1918இல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் மாமேதையின் கீழ் ஆய்வு செய்தவர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், மலாயாவிலும், அவுஸ்திரேலியாவின் லா துரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராயிருந்து 2001இற் காலமானார். ஆர்முடுகும் இலத்திரன் ஒளிவீசிச் சக்தியை இழக்கும்; அவ்விழப்பையும் சேர்த்து அதன் இயக்கத்துக்கு டிராக் 1938இல் ஒரு சமன்பாடு தந்தார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரனுக்கு அச்சமன்பாட்டை எலியேசர் பிரயோகித்தார். கவரப்படும் பொருள் போய் மோதுவதுதானே இயற்கை? 1943இல் அவர் கண்ட விடை அதற்கு நேர்மாறானது. இலத்திரன் புரோத்தனை அடைவதேயில்லை. இடையில் நின்று, திரும்பி, வரவரக் கூடும் வேகத்தோடு வெளியே ஓடிவிடுகிறது! கணக்கிற் பிழையில்லை. ஆகவே ஐயம் சமன்பாட்டின்மேல் விழுந்தது. புள்ளியளவான இலத்திரனுக்குப் பழைய பௌதிக விதிகள் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி எழுந்தது. தம் ஆசிரியரின் சமன்பாட்டையே அவ்விதம் சோதிப்பதற்கு ஓர் இளைஞருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

இதைக் கேட்டதும் பையன் தன் தொலைபேசியை மறுபடி எடுத்தான். அன்று காலை அது செய்து கொடுத்த கணக்கொன்றைக் காட்டினான். கரடான சாய்தளத்தில் மேனோக்கி எறியப்பட்ட துணிக்கை எவ்வளவு தூரம் ஏறும் என்பது வினா. விடை அச்சடித்தாற்போல் அழகாயிருந்தது. மூன்றாம் வரியில் உராய்வு விசையை மேனோக்கிக் குறித்திருந்தது.

"மேலே போகிற பொருளை உராய்வு எந்தப் பக்கம் இழுக்கும்?" என்று மட்டும் கேட்டோம். அவன் நம் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, மணல் மேட்டில் சாய்த்து வைத்து, அதன்மேல் தன் செருப்பை மேனோக்கித் தள்ளிப் பார்த்தான். புத்தகம் நம்முடையது, போகட்டும். "கீழேதான் சேர்" என்றான். பிறகு, "இவ்வளவு வடிவாக எழுதியிருந்ததால் சந்தேகமே வரவில்லை" என்றான் மெதுவாக.

இதே கோணேசர் மலையடியில், 1956இல், கடலுக்குள் மூழ்கிப் பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களுள் ஆர்தர் கிளார்க்கும் ஒருவர். 1968இல் வெளிவந்த '2001' என்னும் திரைப்படத்தின் கதையில் அவருக்குப் பங்குண்டு. அதில் வரும் கணனி, தன் இனத்துக் கணனிகள் பிழையே செய்ததில்லை என்று பெருமை பேசும். அதன்பின் நிகழும் விபரீதத்தைப் படம் பார்த்தோர் அறிவர். பொறி பிழை செய்வது பெரிய குற்றமன்று. நாமும் கரும்பலகையில் வாரத்துக்கொன்று செய்கிறோம். கண்டுபிடிக்கும் பையன் வகுப்பில் இல்லாமற் போவதே நம்மை அச்சுறுத்துகிறது. தொலைபேசி எழுதியதைச் சோதிக்க அவனுக்கு ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது. உராய்வை அவன் இரண்டு ஆண்டு இரவிரவாகப் படித்திருந்ததால்தான் அக்கேள்வி அவனுக்கு விளங்கிற்று.

பிரிவை மாற்றுவது பற்றி அவன் அன்று மேற்கொண்டு பேசவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. அடுத்த கிழமை இடைவேளையில் ஓர் அப்பியாசக் கொப்பியோடு வந்தான். 41ஐக் கூட்டும் கணக்கை 40க்கு அப்பாலும் செய்து பார்த்திருந்தான். 41 தவறுகிறது, 42 மீண்டும் சரிவருகிறது என்று பட்டியல் போட்டிருந்தான். "சேர், இதுபோல் ஒருபோதும் தவறாமல் முதன்மை எண்ணே தருகிற பல்லுறுப்பி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டான். முழுவெண் குணகங்கொண்ட பல்லுறுப்பி எதுவும், அது வெறும் மாறிலியாய் இராவிடின், அப்படி எப்போதும் தராது; அதை உயர்தர வகுப்பு அறிவைக் கொண்டே நாலைந்து வரியில் நிறுவலாம் என்றோம். நிறுவலைச் சொல்லவில்லை. தொலைபேசியிடம் கேட்பாயோ என்றதற்கு, முதலில் தானே செய்து பார்ப்பதாகச் சொல்லிப் போனான். இன்னும் கொண்டு வரவில்லை.