கொழுப்பைச் சுமக்கும் கூடை

குப்பியின் அடியைக் குனிந்து பாருங்கள். பனி படிந்ததுபோல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலம்தான் காட்சிப்பொருள்: மனித இதயத் தசையில் கொழுப்பு அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் புரதம், எஃப்.ஏ.பி.பி.3. ஆனால் இது எந்த இதயத்திலிருந்தும் எடுத்ததல்ல. இதற்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைக்கொண்டே தயாரித்தது.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. செல்லுக்குள்ளோ எங்கும் தண்ணீர். இதயம் தன் எரிபொருளில் பெரும்பங்கைக் கொழுப்பு அமிலங்களிலிருந்தே பெறுகிறது. அவற்றை மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுசேர்க்க உதவுவது இந்தப் புரதம். சுமார் 130 அமினோ அமிலங்கள். 10 இழைகள் வளைந்து பின்னிய ஒரு கூடை. வாயருகே மூடிபோல் 2 சுருள்கள். உள்ளே ஒரே ஒரு கொழுப்பு அமிலம் மடங்கி உட்காரும். இவ்வளவு சின்ன உருவில் இத்தனை கச்சிதம்! எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு தீர்வதில்லை.

தயாரிப்பில் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் சொந்தக் கொழுப்பு அமிலங்கள் கூடைக்குள் முன்பே குடியேறிவிடும். அவற்றை வெளியேற்றாமல் அளந்தால், புரதம் எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்ற கணக்கே பிசகிவிடும். அதனால், சுத்திகரித்த புரதத்திலிருந்து கொழுப்பை நீக்குவது தனி வேலை.

மாரடைப்பில் தசை சிதையும்போது இப்புரதம் சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் கசியத் தொடங்குகிறது. அதை அளக்கும் சோதனைகளுக்கு, அளவு துல்லியமாகத் தெரிந்த இத்தகைய புரதமே எடைக்கல்.

குப்பியில் உள்ள புரதம் உறையவைத்து உலர்த்தப்பட்டது. ஆய்வுக்கு மட்டும், மருந்தல்ல. மூடியில் ஒட்டிய துகளும் வீணாகாதிருக்க, திறக்கும் முன் குப்பியை மையவிலக்கியில் ஒருமுறை சுழற்றிவிடுவார்கள்.