ஸ்பிரே அடித்தால் மட்டும் போகாது... காருக்குள் வரும் வாடை சொல்லும் சேதி!

மவுன்ட் - பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைக் கடந்துபோகும் கார்களைப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு கண்ணாடிகளும் ஏற்றியே இருக்கும். புழுதியும் புகையும் உள்ளே வராமல் இருக்க அதுதான் வழி. ஆனால், அதே கண்ணாடி உள்ளே இருக்கும் நாற்றத்தையும் வெளியே விடாது. உடனே கடைக்குப் போய் ஒரு பர்ஃப்யூம் பாட்டிலை வாங்கி டேஷ்போர்டில் ஒட்டிவிடுகிறோம். இரண்டு நாளில் மல்லிகை வாசனையும் பழைய நாற்றமும் கலந்து, பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்குக் குமட்டல் வருவதுதான் மிச்சம்.

காரில் வரும் வாடைகளில் சில, துடைத்து உலர்த்தினால் போய்விடும். சில, வண்டியை உடனே நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பிரே அடிப்பது ஆபத்திலும் முடியலாம்.

எங்கிருந்து வருகிறது?

ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். அதனால் ஓட்டிக்கொண்டே தேடினால் கண்டுபிடிக்க முடியாது. காரை ஒரு மணி நேரம் வெயிலில் பூட்டி வையுங்கள். சூட்டில் வாடை தூக்கலாகும். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து, கடைசியாக டிக்கியையும் திறந்து முகர்ந்து பாருங்கள். ஏ.சி போட்டால் மட்டும் வருகிறதா, வண்டி நின்றிருந்தாலும் வருகிறதா, ஓடும்போது மட்டும் வருகிறதா என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஏ.சி போட்டதும் பூஞ்சை நாற்றமா?

ஏ.சி ஓடும்போது காற்றில் உள்ள ஈரம் கூலிங் காயிலில் நீராகப் படிகிறது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் அங்கே பூஞ்சை வளரும். சென்னையின் புழுக்கத்தில் இது சீக்கிரமே நடக்கும். பல கார்களில் கேபின் ஃபில்டர் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். புழுதியான சாலையில் தினமும் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே மாற்றலாம்.

இடம் சேர இரண்டு மூன்று நிமிடங்கள் இருக்கும்போதே ஏ.சி பட்டனை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். காயில் உலர்ந்துவிடும். முன்சீட்டில் கால் வைக்கும் இடம் மழையே இல்லாமல் ஈரமாக இருந்தால், ஏ.சி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மெக்கானிக்குக்கு அது சின்ன வேலைதான்.

பால், மாவு, மீன்...

பால் பாக்கெட்டோ, இட்லி மாவோ சீட்டில் கொட்டினால் மேலே துடைப்பது போதாது. அது உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் இறங்கிப் புளிக்கும். முதலில் குளிர்ந்த நீரைத் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டாம், பாலின் புரதம் இறுகிவிடும். நன்றாக உலர்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் வேக்வம் க்ளீனரால் உறிஞ்சுங்கள். புளித்த பாலின் நாற்றத்துக்குக் காரணம் அமிலங்கள். சோடா அவற்றைச் சமன்செய்யும்.

மீன் வாடை இதற்கு நேர் எதிர். அது காரத்தன்மை கொண்டது. மீனைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அலசுவதன் சூட்சுமமும் அதுதான். டிக்கியில் மீன் தண்ணீர் சிந்தினால், வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒன்றை ஒன்று முறித்து, இரண்டுமே வீணாகும்.

எதுவுமே சிந்தவில்லை, ஆனாலும் அழுகிய நாற்றம் என்றால் பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜினின் சூட்டுக்கு எலிகள் வந்து தங்குவதுண்டு. செத்த எலியையோ எச்சத்தையோ கையுறை போடாமல் தொடக் கூடாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

வெள்ளம் விட்டுப்போகும் வாடை

போரூர் ஏரியை ஒட்டியிருக்கும் ஐயப்பன்தாங்கல்காரர்களுக்கு மழைக்காலக் கவலை புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. இன்ஜினுக்குள் நீர் போயிருந்தால் செலவு பல மடங்காகும். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இந்த இழப்புக்குப் பணம் கிடைக்காது.

சேற்று வாடை போக வேண்டுமென்றால் கார்பெட்டையே கழற்றி, அடியில் உள்ள ஸ்பாஞ்சையும் காயவைக்க வேண்டும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் மூக்குதான் முதல் துணை. உள்ளே வாசனை தேவைக்கு மேல் தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண்ணோ துருவோ இருந்தால், அந்த கார் வெள்ளத்தில் நின்றதாக இருக்கலாம்.

இந்த வாடை வந்தால் வண்டியை நிறுத்துங்கள்!

* பெட்ரோல் வாடை: எங்கோ கசிகிறது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள்.

* சி.என்.ஜி, எல்.பி.ஜி வாடை: கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த வாயுக்களில் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். இன்ஜினை அணைத்து இறங்கி, முடிந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். நெருப்பு கூடாது.

* இனிப்பான வாடை: கூலன்ட் கசியலாம். இன்ஜின் சூடேறும். கூலன்ட் விஷம் என்பதால் குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

* கருகும் வாடை: ஏற்காடு, ஊட்டி மலையிறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் வரும். நிறுத்தி ஆறவிட்டு, குறைந்த கியரில் இறங்குங்கள். சமதளத்தில் பிளாஸ்டிக் எரிவதுபோல் வந்தால் ஒயரிங் கோளாறாக இருக்கலாம்.

* அழுகிய முட்டை வாடை: பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகலாம், அல்லது சைலன்சர் பக்கத்தில் பழுது இருக்கலாம். அருகில் நெருப்பு கூடாது.

* புகை வாடை: இதுதான் மிகவும் ஆபத்து. சைலன்சர் ஓட்டை வழியாகவோ, டிக்கியின் கிழிந்த ரப்பர் வழியாகவோ புகை உள்ளே வரலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று தொடங்கி உயிரையே பறிக்கும். கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி, வெளியே வாருங்கள்.

வாடையே வராவிட்டாலும், மூடிய ஷெட்டிலோ பேஸ்மென்ட் பார்க்கிங்கிலோ இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி-யில் தூங்குவது கூடவே கூடாது. குழந்தை தூங்கிவிட்டது, அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றும்போது இன்ஜினை அணைத்து, தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.